சோறு வைக்கிற கை

செல்லிப்பட்டில் நாய் குட்டி போட்டால் ஆண் குட்டிகளைக் கொல்லைக் காவலுக்கென்று ஆட்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டைக் குட்டிகள் சாக்குப் பையில் சங்கராபரணிக் கரைக்கோ கரும்புக் கொல்லை ஓரத்துக்கோ போய்ச் சேரும். பருவத்துக்கு வரும், தெரு ஆண் நாய்களெல்லாம் வாசலில் கூடும், மறுபடி குட்டி போடும் என்பதுதான் அவற்றின் மேலுள்ள குற்றச்சாட்டு. எங்கள் வீட்டிலிருக்கும் கருப்பி, செவலை, வெள்ளச்சி மூன்றும் அப்படிக் கரையிலிருந்து வந்தவை. மணி மட்டும் ஆண். ஒரு மழைநாளில் தானாக வந்து திண்ணையில் படுத்தவன்.

நான்கு நாய் என்றால் நான்கு மடங்கு வேலை என்பது தப்புக் கணக்கு. ஒற்றை நாய்க்கு மனிதர்களோடு மட்டும்தான் உறவு. நான்கு இருந்தால் அவற்றுக்குள்ளேயே ஆறு உறவுகள், ஒவ்வொன்றிலும் பழைய பாக்கிகள். பிராய்லர் கடையில் வாங்கும் கோழித்தோலையும் கழுத்தையும் மஞ்சள் போட்டு நொய்யோடு வேகவைக்க வேண்டும், எலும்பைப் பொறுக்க வேண்டும், ஆறவைக்க வேண்டும். பிறகு நான்கு தட்டு, நான்கு மூலை. கருப்பிக்குத் துவைக்கிற கல், வெள்ளச்சிக்கு மாட்டுக்கொட்டகை, மணிக்குத் திண்ணை, செவலைக்குக் கிணற்றடி. இடம் மாறினால் சண்டை. மத்தியானம் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி. செய்வது நானும் அத்தையும். "எங்க வீட்ல நாலு நாய் வளக்குறோம்" என்று வெளியே சொல்வது என் கணவர்.

செவலை தட்டருகே யார் வந்தாலும் உறுமுவாள். குட்டியில் பட்டினி கிடந்த உடம்பு அது. "நீங்கதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்" என்று நாய் பழக்குகிற ஒருவர் என் கணவரிடம் சொன்னார். நாய்க்கு முன்னால் நாம் சாப்பிட வேண்டுமாம், வாசலை நாம் முதலில் தாண்ட வேண்டுமாம், உறுமினால் தட்டைப் பிடுங்கிவிட வேண்டுமாம். பிடுங்கினார். குச்சியும் எடுத்தார். பத்து நாளில் உறுமல் நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் உறுமாமலே என் கையைக் கடித்துவிட்டாள். உறுமல் என்பது அவள் கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கை. அதைத்தான் அடித்து நிறுத்தியிருக்கிறோம், பயத்தை அல்ல.

இந்தத் 'தலைவன்' கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ருடோல்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர் பாசல் மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியதிலிருந்து வருகிறது அது. டேவிட் மீச் 1970-இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அதைப் பரப்பியது. பிறகு அதே மீச், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு கழித்துவிட்டு, 1999-இல் அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கிறவர் அங்கே யாருமில்லை. கூண்டுக்குள் அந்நியர்களை அடைத்து வைத்தபோது நடந்ததைத்தான் இயற்கை என்று எழுதியிருக்கிறார்கள். பெண்ணைப் பற்றிய எத்தனை 'இயற்கை'கள் இப்படி வந்தவை என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். தட்டை எடுக்க வேண்டாம், எட்டி நின்று ஒரு துண்டு ஈரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தினமும் ஒரு அடி கிட்டே. மூன்றாவது மாதத்தில் என்னைக் கண்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலாட்டினாள்.

இங்கே முடித்துவிட்டால் நல்ல கதைதான். அடக்குவது ஆண் வழி, அன்பு பெண் வழி என்று சொல்லிவிடலாம். அமெரிக்க மெய்யியலாளர் நெல் நாடிங்ஸ், 1984-இல் பராமரிப்பின் அறம் பற்றி எழுதிய நூலில், பராமரிக்கப்படுகிறவர் அதை ஏற்று ஏதோ ஒரு விதத்தில் பதில் தரும்போதுதான் பராமரிப்பு முழுமையடைகிறது என்கிறார். செவலையின் வால் அப்படியொரு பதில் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் அவளுக்கு வேறு தட்டு இல்லை. சோற்றுக்கு வேறு வழியில்லாதவள் ஆட்டுகிற வாலைச் சம்மதம் என்று எப்படிக் கணக்கில் எழுதுவது?

நான்கு பேருக்கும் கருத்தடை செய்ய முடிவெடுத்தபோது இந்தக் கேள்வி முகத்துக்கு நேரே வந்தது. செய்ய வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்னையில் மாநகராட்சி தெருநாய்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே, 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு அதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. கருத்தடை இல்லையென்றால் எங்கள் ஊரில் சாக்குப் பைதான்.

மூன்று பெட்டைகளைப் பற்றி ஊரில் யாரும் வாயே திறக்கவில்லை. மணிக்கும் உண்டு என்றதும் மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். "ஏம்மா, ஆம்பள நாய்க்குப் போய் யாராவது ஆப்ரேஷன் பண்ணுவாங்களா? பாவம் பிடிக்கும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. அவருக்குச் சொல்ல ஒரு கணக்கு என்னிடம் இருந்தது, சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாங்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டதைத் தடுப்பு முறையாகச் சொன்னார்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 விழுக்காடு. ஆணுக்கான அறுவைதான் இரண்டில் சுலபமானது. நாய்க்கும் அப்படியே.

மருத்துவமனையில் நீட்டிய தாளில் 'உரிமையாளர் ஒப்புதல்' என்று அச்சாகியிருந்தது. நான்கு தாள். முதல் மூன்றில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கூட வந்திருந்த அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு உங்க மாமாதான் போட்டாரு" என்றார்.

"எதுக்கு அத்தை?"

"ரெண்டாவது பொறந்த மறுநாளு. எழுந்து பாத்தா தையலு. வெளியில கையெழுத்து வாங்கிட்டோம்னு சொன்னாங்க. மூணாவது வேணாம்னுதான் நானும் இருந்தேன், கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கல" என்றார்.

நாயிடம் கேட்க முடியாது, மனுஷியிடம் கேட்டிருக்க முடியும். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாளில் மாமா போட்ட இடமும் நான் போட்ட இடமும் ஒன்றுதான். அவரும் குடும்ப நன்மைக்கென்றுதான் போட்டிருப்பார், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நான் தலைவியும் இல்லை, அம்மாவும் இல்லை. நான்கு உயிர்களின் உடம்பைப் பற்றி முடிவெடுக்கிறவள். 'என் பிள்ளைகள்' என்று அவற்றைச் சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது.

நான்காவது தாளிலும் போட்டேன்.

மணி மறுநாளே எழுந்து தெருவுக்குப் போய்விட்டான். கருப்பியும் வெள்ளச்சியும் சாயங்காலம் கஞ்சி குடித்தார்கள். செவலை மட்டும் கிணற்றடியில் சுருண்டு கிடந்தாள். ஈரலை எட்டி நின்று போட்டேன், தொடவில்லை. இரண்டாம் நாள் அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டை வைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வெற்றிலை போட்டு மென்றுகொண்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தார். இருட்டின பிறகு செவலை எழுந்து, தண்ணீர்ச் சட்டியில் நாலு நக்கு நக்கிவிட்டு, அத்தையின் கால்மாட்டில் படுத்தாள்.