யார் காதால் கேட்கிறோம்?

எங்கய்யா கொட்டடிக்கிறவர். சிவகிரிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பேர் வேண்டாம். மேற்கே மலை, கீழே வயக்காடு, ஊருக்கு வெளியே எங்க தெரு. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். வாசலில் ஏறமாட்டான். ரோட்டில் நின்றபடியே "ஏலே, கொட்ட எடுத்துட்டு வாங்கலே" என்பான். வயசில் எங்கய்யாவுக்கு மகன் மாதிரி இருப்பான். ராத்திரி முழுக்க அடிக்கணும், மறுநாள் சுடுகாடு மட்டும் நடந்துக்கிட்டே அடிக்கணும். கூலி பேசுகிற வழக்கம் கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கணும். அறுப்பு சமயத்தில் களத்தில் போய் நின்றால் பதரும் நெல்லுமாகக் கொஞ்சம் விழும்.

அந்தக் கொட்டை அவரே செய்வார். வேப்பங்கட்டையில் வளையம். அதில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு இழுத்து ஒட்டுவார். அடிக்கிறதுக்கு முந்தி வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். "இன்னும் பேசல" என்பார். மறுபடியும் காட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோல் எடுத்துப் போடுவேன். அவர் "பேசுது" என்று சொன்ன சத்தத்தை ஊரில் ஒருத்தரும் இசை என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பேர் இரைச்சல். ரேடியோவில் அது வந்ததே இல்லை. சினிமாவில் வந்தால் பாடைக்குப் பின்னால் வரும், இல்லையென்றால் குடிகாரன் ஆட்டத்துக்கு வரும். எனக்கும் அது இரைச்சல்தான். வெட்கமான இரைச்சல்.

1980களின் கடைசியில் திருநெல்வேலிக்குப் படிக்கப் போனேன். விடுதியில் என் அறைக்கு வந்தவன் பெரிய ஊர்ப் பையன். டேப்ரிக்கார்டர் வைத்திருந்தான். ஒரு கேசட் போட்டான். தகரக் கூரையில் கல்லெறிஞ்ச மாதிரி கிட்டார், தொண்டை கிழிய ஒருத்தன் கத்துகிறான். "ஹெவி மெட்டல்டா" என்றான். ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்து, நீளமுடிக்காரர்களின் வண்ணப்படத்தைக் காட்டினான். அதில் என்ன எழுதியிருந்தது என்று பாதி புரியவில்லை. ஆனால் வழவழப்பான தாளில் அச்சாகியிருக்கிறது என்பது புரிந்தது. ஒரு வாரத்தில் எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. தலையை ஆட்டக்கூடப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் அவன் கேட்டான்: "உங்கப்பா என்ன பண்றார்?"

"விவசாயம்" என்றேன்.

இந்த ஒரு சொல்தான் இத்தனை வருஷம் கழித்து இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. காதில் விழுகிற சத்தம் ஒன்றுதான். தோலில் விழுகிற அடி, தாளம், ஆவேசம் எல்லாம் எங்க தெருவில் நான் கேட்டதுதான். ஒன்றைக் கேட்டுத் தலையாட்டினேன், இன்னொன்றை ஒளித்தேன். அப்படியானால் பிடிக்கிறது பிடிக்கவில்லை என்று சொல்கிற இந்தக் காது யாருடையது?

அந்த மெட்டல் இசையின் கதையைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அதுவும் வழவழப்பான தாளில் பிறந்ததில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற ஊர், தொழிற்சாலைப் புகை சூழ்ந்த ஊர். அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் 1965இல் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தான். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் எந்திரம் அவன் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் தின்றுவிட்டது. இடக்கையால் வாசிக்கிறவனுக்கு நரம்பை அழுத்த அந்த விரல்கள்தான் வேணும். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். மெல்லிய கம்பிகளைப் போட்டான், பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினான். ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்கிற அந்தக் கனத்த சத்தத்துக்கு வெட்டுப்பட்ட அந்தத் தொழிலாளிக் கையும் ஒரு காரணம்.

அவர்கள் குழு பிளாக் சாபத். முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வந்தது. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையும் அதை மட்டம் தட்டி எழுதியது. ஆனால் தொழிற்சாலைப் பையன்கள் வாங்கிக் கேட்டார்கள். அதே ரோலிங் ஸ்டோன் 2017இல் எக்காலத்துக்கும் சிறந்த 100 மெட்டல் தொகுப்புகளைப் பட்டியல் போட்டபோது, முதல் இடம் இதே குழுவின் 'பாரனாய்ட்'டுக்கு. அதுவும் 1970இல் வந்த தட்டுதான். இடையில் 47 வருஷம். தட்டில் ஒரு சத்தமும் மாறவில்லை.

மெட்டாலிகா என்ற குழுவின் கதையும் இப்படித்தான். 1982இல் அவர்கள் பதிவு செய்த ஒரு கேசட்டை ரசிகர்களே பிரதியெடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பினார்கள். 1981இல் தொடங்கிய எம்டிவிக்கு அவர்கள் முதல் வீடியோ கொடுத்தது 1989இல்தான். இதற்கு நடுவில், 1985இல், பெரிய இடத்துப் பெண்கள் சிலர் வாஷிங்டனில் கூடி இந்தப் பாட்டெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றார்கள். தட்டுகளின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வைத்தார்கள். முதலில் ஏசுவது, பிறகு எச்சரிப்பது, ஜனம் விடாமல் கேட்டால் அதையே எடுத்து விற்பது. பெரிய ஊடகத்தின் வேலை இந்த மூன்று படியில் நடக்கிறது.

நம் நாட்டிலும் இதே வேலைதான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கிவைத்தது. அந்தத் தடை 30 வருஷம் நீடித்தது. நம் தெருக்கூத்துக்காரனும் நாடகக்காரனும் உயிராக வைத்திருந்த பெட்டி ரேடியோவுக்கு ஆகவில்லை. 1952இல் மந்திரியாக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டுத் தரக்குறைவு என்று ஒதுக்கினார். ஜனம் என்ன செய்தது? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி கேட்டது. கடைசியில் அரசாங்கமே இறங்கிவந்து 1957இல் விவித பாரதி தொடங்கவேண்டியதாயிற்று. ஆக, எது நாதம் எது இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் எப்போதும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நாற்காலிக்குச் சாதி உண்டு, வர்க்கம் உண்டு.

இதுவரை சொன்னதை வைத்து, "பார்த்தீர்களா, பர்மிங்காம் தொழிலாளியும் சிவகிரிக் கொட்டுக்காரனும் ஒன்று" என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அது பொய்.

அயோமி விரல் போன பிறகும் கிட்டாரை விருப்பப்பட்டு எடுத்தார். எங்கய்யா கொட்டை விருப்பப்பட்டா எடுத்தார்? பிறப்பு எடுக்க வைத்தது. வரமாட்டேன் என்று பர்மிங்காம்காரன் சொன்னால் கச்சேரி நின்றுபோகும். எங்கய்யா சொன்னால் எங்க தெருவுக்கு வயல்வேலை நின்றுபோகும். 1990களின் தொடக்கத்தில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எங்க தெருவிலும் சங்கம் வந்தது. இனிமேல் யார் சாவுக்கும் கொட்டடிக்கிறதில்லை என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஆறு மாசம் யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா ராஜபாளையம் பக்கம் போய்ப் பஞ்சு மில்லில் கூலி வேலை பார்த்து அரிசி வாங்கி வந்தாள். எங்கய்யா கொட்டை எடுத்துப் பரணில் போட்டார். அதன்பிறகு தொடவில்லை. அவர் கையில் இருந்த வித்தையைக் கைவிட்டதுதான் அவர் செய்த பெரிய போராட்டம். இதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

இதே காலத்தில்தான் தலித் மேடைகளில் ஒரு விவாதம் நடந்தது. பறை இழிவின் சின்னம், அதைப் போட்டு உடை என்று ஒரு பக்கம். பறை நம் கருவி, அதை விடுதலை முழக்கமாக்கு என்று இன்னொரு பக்கம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதைத் தோளில் மாட்டி மேடையேறினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. கொட்டுக்கு இன்று ஊடகத்தில் கிடைக்கிற மரியாதை, அதை அடித்தவனுக்குக் கிடைத்ததா?

நடந்ததைப் பார்ப்போம். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி நடந்தது. பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானாக்காரர்கள், சட்டி, பறை, பக்கத்திலேயே ராக் கிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் சாதிபேதமற்றோர் என்று சொன்னதிலிருந்து பேரை எடுத்தார்கள். மார்கழிக் கச்சேரிப் பக்கங்களை மட்டும் நிரப்பிவந்த பெரிய பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். சட்டி அடித்த ஒரு பையன் தன் தெருப் பேரைச் சொல்லிவிட்டு அடித்தான். எனக்கு என் "விவசாயம்" ஞாபகம் வந்தது.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை வைத்து அறிவு எழுதிப் பாடிய பாட்டு. தீ கூடப் பாடினார், இசை சந்தோஷ் நாராயணன். கோடிக்கணக்கானவர் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோனின் இந்தியப் பதிப்பு இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி'யையும் முன்வைத்து அட்டைப்படம் போட்டது. அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். இரண்டு பாட்டிலும் வரி எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், கண்டனம் கிளம்பியது, அப்புறம் அறிவுக்கென்று ஒரு இணைய அட்டை வந்தது. அடுத்த வருஷம், 2022 ஜூலை 28இல், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். பாட்டு யாருடையது என்று அவர் எழுத, மூவருக்கும் சமபங்கு என்று இசையமைப்பாளர் பதில் எழுத, விஷயம் பெரிதாயிற்று. அவர்களுக்குள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்கிறது வேறு. வெளிச்சம் பெரிதாகப் பெரிதாக, எந்த முகம் முதலில் சட்டத்துக்கு வெளியே போகிறது? எங்க ஊரில் எந்த வாசலில் யார் ஏறக்கூடாது என்று எழுதிப்போட்ட பலகை கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அட்டைப்படத்துக்கும் அப்படியொரு பழக்கம் இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன்.

நல்லதும் நடக்கிறது, மறைக்கக்கூடாது. 2025இல் மதுரைப் பறையாசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டிவியில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அவர் பேரோடு பறையும் சேர்ந்து வாசிக்கப்பட்டது.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் படித்தவன், கல்லூரிக் குழுவில் பறை பழகியவன். சில வருஷம் முந்தி ஒரு டிவிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எங்க வீட்டுக்கு வந்தான். பரணில் இருக்கிற கொட்டை எடுத்துத் தாத்தா அடிக்கவேண்டும், அவர்கள் படமெடுக்கவேண்டும். வந்தவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, மேல்சட்டை வேண்டாம், துண்டு மட்டும் போதும், அப்பதான் இயல்பா இருக்கும்" என்றார். எங்கய்யா எழுந்து உள்ளே போனார். சட்டையைப் போட்டு மேல் பித்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொட்டை எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு பேரன் கேட்டான், "தாத்தா, இப்ப உலகமே மதிக்குதுல்லா, ஏன் மாட்டேங்கிய?"

எங்கய்யா சொன்னார்: "மதிக்காவன்னா சரிதாம்ல. அன்னைக்கி அவன் அடின்னான், அடிச்சேன். இன்னைக்கி இவன் அடிங்கான். எனக்கா எப்ப தோணுதோ அப்ப அடிப்பேன்."

அவருக்குத் தோணவே இல்லை. தன் சாவுக்கும் கொட்டு கூடாது என்று சொல்லிவைத்தார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பேரன் குழுவோடு வந்து நின்றான், தோளில் பறை. அதை அடிக்காமல் சுடுகாடு மட்டும் சும்மா தூக்கிக்கொண்டு நடந்தான். எங்க தெரு அவ்வளவு அமைதியாக ஒரு சாவுக்கு நடந்து நான் பார்த்ததில்லை.

என் கேள்விக்கு வருகிறேன். ஊடகம் தூக்கிப் பிடிக்கிற புகழ் நமக்கு வேண்டுமா வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எவ்வளவு காலத்துக்கு மறைவிலேயே அடித்துக்கொண்டிருப்பது? ஆனால் புகழையும் மதிப்பையும் ஒன்றாக எண்ணி ஏமாறக்கூடாது. புகழை நாற்காலிக்காரன் கொடுக்கிறான், நாளைக்குப் பிடுங்கியும் கொள்வான். மதிப்புக்கு எங்கய்யா ஒரு அளவுகோல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் சோறு கிடைக்கிறதா? அடித்தவன் பேர் அவன் சொல்கிறபடி அச்சாகிறதா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வருகிற மேடையில் ஏறுவோம். வராத மேடையில் ஏறினால், ஏறின பிறகாவது கேட்போம்.

பேரன் இப்போது மேடைக்கு மேடை முதலில் தாத்தா பேரைச் சொல்கிறான், அப்புறம் ஊர்ப் பேர், அப்புறம்தான் அடி. போன மாசம் ஒரு நிகழ்ச்சிக்காரர், நேரமில்லை, பேரெல்லாம் வேண்டாம் என்றாராம். பறையைத் தோளிலிருந்து கழற்றிவிட்டான். பிறகு நேரம் கிடைத்ததாம்.

அந்த விடுதி நண்பன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எங்காவது இதைப் படித்தால் சொல்லிக்கொள்கிறேன்: எங்கய்யா கொட்டடிக்கிறவர்.