தாங்கும் இடமும் வழிவிடும் இடமும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் டிரக்கின் முதுகில் ஒரு சிறு வீட்டையே ஏற்றிச் செல்வோர் உண்டு. கேம்பர் என்று அதற்குப் பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய அந்தக் கூடு பல நேரம் ஒரு டன்னைத் தாண்டும். நான்கு மூலைகளிலும் ஜாக்கி கொடுத்து அதை உயர்த்தி நிறுத்துகிறார்கள். டிரக் பின்னால் வந்து அடியில் நுழைகிறது. கூடு மெல்ல இறங்கி அமர்கிறது. எடைமையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும், மூலைகளில் டர்ன்பக்கிள் எனும் இழுதிருகுகளை முறுக்கிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததே. நம் சிந்தனைக்கு உரியது, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ரப்பர் விரிப்பு.

சரக்கு ஏற்றி இறக்க வசதியாகச் சில டிரக்குகளின் தட்டில் வழவழப்பான பிளாஸ்டிக் உறை பதித்திருப்பார்கள். மூட்டையைத் தள்ள உதவிய அதே வழவழப்பு, கேம்பரின் அடியில் ஆபத்தாகிறது. வளைவில் கூடு நகரப் பார்க்கும். கட்டுகள் மட்டுமே அந்த இழுப்பைத் தாங்க நேரும். ரப்பர் விரித்திருந்தால் கூட்டின் எடையே அதற்குப் பிடிப்பாகிவிடும்.

அதே வண்டியின் என்ஜினுக்குள் நியாயம் தலைகீழ். பிஸ்டனின் பக்கங்களில் பூசும் கிராஃபைட்டுக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கும் உராய்வைக் குறைப்பதே வேலை. போல்ட்டிலோ இரண்டு நியாயங்களும் சந்திக்கின்றன. அதை முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, மிச்சம்தான் இறுக்கம். மறையில் வழுக்கும் பூச்சைத் தடவிவிட்டுப் பழைய அளவுக்கே முறுக்கினால் போல்ட் முறிந்துபோகலாம். முரண்டு பிடிப்பவரிடம் காட்டும் வலிமையை, இணங்கி வருபவரிடமும் காட்டினால் என்ன ஆகும் என்பதை நாம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பார்த்தே இருக்கிறோம்.

வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்காமல் போனாலும் கேடுதான். 1989இல் வியாழனை நோக்கி ஏவப்பட்ட கலிலியோ விண்கலம், 1991 ஏப்ரலில் 4.8 மீட்டர் அகலமுள்ள தன் முதன்மை ஆன்டெனாவைக் குடைபோல் விரிக்க முயன்றது. அது முழுமையாக விரியவே இல்லை. உலோக ஊசிகளில் பூசியிருந்த உலர்ந்த மசகு தேய்ந்து, சில விலாக்கம்பிகள் சிக்கிக்கொண்டதே காரணம் என்றும், கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே டிரக்கில் சென்றுவந்த பயணங்களின் குலுக்கலே அந்தத் தேய்மானத்துக்குப் பெரிதும் காரணமாகியிருக்க வேண்டும் என்றும் ஆராய்ந்தோர் கருதினர். வியாழனைப் பற்றிய செய்திகளெல்லாம் சிறிய ஆன்டெனா வழியே சொட்டுச் சொட்டாகத்தான் பூமிக்கு வந்தன.

ஆகவே உராய்வு நல்லதா தீயதா என்ற கேள்விக்கு, எந்த இடத்தில் என்று கேட்ட பிறகே பொருள் வருகிறது. நம்மீது ஒரு சுமை அமர்ந்திருக்கும் இடத்தில் பிடிப்பு அறம். நம் வழியாக ஓர் இயக்கம் கடந்துபோக வேண்டிய இடத்தில் வழிவிடுதல் அறம். நாமோ பல நேரங்களில் இவற்றை இடம் மாற்றிவிடுகிறோம்: நம்மை நம்பியிருக்கும் முதியவரின் மருந்து வேளையிலிருந்தும் கொடுத்த வாக்கிலிருந்தும் எளிதில் நழுவுகிறோம், என்றோ ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லையும், வளர்ந்துவிட்ட பிள்ளை தானே தேர்ந்துகொண்ட பாதையையும் இறுகப் பிடித்துத் தேய்கிறோம், தேய்க்கிறோம். உறுதி என்றும் பெருந்தன்மை என்றும் நாம் பெயர் சூட்டிக்கொள்ளும் குணங்கள் தம்மளவில் நற்குணங்கள் ஆவதில்லை. இந்தப் பிடி யாரையாவது தாங்குகிறதா, எதையாவது தடுக்கிறதா என்று தன்னையே நேர்மையாகக் கேட்டு, கிடைத்த விடைக்கேற்ப நிற்கவும் விலகவும் துணிந்தவரிடத்தில்தான் அவை அறமாகின்றன. அத்தகையவரின் உறுதி எவரையும் நசுக்குவதில்லை, அவரது இணக்கம் எவரையும் கைவிடுவதுமில்லை.