வாடகைக்கு விடப்போகும் முதல் வீடு

என்னிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு தாளுடன் வந்தார். வயது இருபத்தேழு, அரச உத்தியோகம், பெற்றோருடன் வாழ்பவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அருகே, திருநெல்வேலியில், நான்கு அறைகள் கொண்ட வீடொன்றை வாங்கி மாணவர்களுக்கு வாடகைக்கு விட எண்ணியிருந்தார். கைப்பணம் போக 50 இலட்சம் ரூபா வங்கிக் கடன். 12 வீத வட்டியில், 20 ஆண்டுகளுக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபா. வாடகை 60,000. இருபதாண்டில் வீடு தம்முடையதாகிவிடும் என்றார்.

கணக்கிற் பிழையில்லை. எனினும், அத்தாளில் மனிதர் எவரையும் நான் காணவில்லை. 'வாடகை 60,000' என்னும் வரிக்குள் எட்டு மாணவர் இருக்கின்றனர். அவருட் சிலர் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவர். அவர்தம் பெற்றோரின் உழைப்பே அந்த 60,000.

2020 மார்ச்சில் கொரோனாவினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மாணவர் ஊர் சென்றனர். பூட்டிய அறைகளில் அவர்தம் புத்தகங்களும் உடைகளும் கிடந்தன. ஆளில்லா அறைக்கு வாடகை கேட்பது நியாயமா? கடனில்லாத வீட்டுக்காரருக்கு இது மனச்சாட்சியின் வினா. வாடகையை நம்பியே தவணை கட்டுபவருக்கோ அது வினாவே அன்று. அவர் கேட்டே ஆகவேண்டும். அவரும் நல்லவராக இருக்கலாம். ஆயின், இரக்கங் காட்டும் உரிமையை அவர் கடன் பத்திரத்திற் கையொப்பமிட்ட அன்றே ஈடுவைத்துவிட்டார்.

2022 ஏப்ரலில் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நண்பரின் கடன்வட்டி 12இலிருந்து 20 வீதமானால் தவணை ஏறக்குறைய 85,000 ஆகும். மேலதிக 30,000 ரூபாவை யார் சுமப்பது? எட்டு மாணவர் தலையிற் பங்கிடுவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி.

வாடகை வாங்குவதே பாவம் என்பார் நம்மிடையே உளர். நான் அவ்வாறு கருதவில்லை. வீட்டுக்காரர்–குடியிருப்பாளர் உறவு, முதலாளி–தொழிலாளி உறவை ஒத்ததன்று என்பதை 1872இல் எங்கெல்சே வற்புறுத்தினார். நமது நாட்டிலும் 1972இன் வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காத்தது. 1973இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், தங்கிவாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டு என்று ஒரு குடும்பத்தின் வீடுகளுக்கு எல்லை வகுத்தது. 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக்கு விட்ட வீட்டை உரிமையாளர் விரைவில் மீட்க வழிசெய்தது. சட்டம் இவ்வாறு இருபுறமும் சாய்ந்து வந்துள்ளது. பூட்டிய அறையின் வாடகையைத் தள்ளிவிடு என்று எந்தச் சட்டமும் நம் இளைஞருக்குக் கூறப்போவதில்லை.

ஆதலால், வாடகை ஆறு மாதம் வராவிடினும் உம் சம்பளத்தாற் கட்டக்கூடிய அளவே கடன் எடும் என்றேன். அவர் சற்றுச் சினந்தார். "அப்படியானால், ஐயா, பணக்காரன் மட்டுந்தான் நல்ல வீட்டுக்காரனாக இருக்கலாமா? பத்து வீடு வைத்திருப்பவனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே!"

இதற்கு என்னிடம் நிறைவான விடை இல்லை. அவர் கூறியது உண்மை. என் அறிவுரை ஏற்கெனவே உள்ளவனுக்கே எளிது. ஆயினும், அதனால் அவ்வெட்டு மாணவரின் நிலை மாறிவிடாது என்று மட்டும் கூறினேன்.

மறுவாரம் வேறொரு தாளுடன் வந்தார். கொக்குவிலில் இரண்டே அறை கொண்ட வீடு, கடன் 30 இலட்சம், தவணை 33,000. இம்முறை தவணையைத் தமது சம்பளத்திலிருந்து கழித்திருந்தார். வாடகைக்குரிய வரி தாளின் அடியில் இருந்தது. அதில் இன்னும் தொகை எழுதப்படவில்லை.