கம்போங் அடிடாஸ்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்துப் போய் பினாங்கு கொடிமலை ஏறும் எங்கள் செட்டில் பேச்சு கடைசியில் சப்பாத்துக்குத்தான் வரும். “முந்நூறு வெள்ளி சப்பாத்தெல்லாம் எதுக்கு மச்சான், கம்போங் அடிடாஸ் போதும்லா” என்பான் ஒருத்தன். விலை மலிவு, முழுக்க ரப்பர், சேற்றில் வழுக்காது. கித்தா தோட்டத்து ஆட்கள் போட்ட சப்பாத்து அது. என் பாட்டியும் அதைப் போட்டுக்கொண்டுதான் விடியுமுன் மரம் வெட்டப் போனார்.

அதே சப்பாத்து, அதே சேறு, அதே அட்டைக்கடி. எனக்கு அனுபவம், பாட்டிக்குப் பிழைப்பு. தானே தேர்ந்தெடுத்த சிரமத்துக்குத்தான் மதிப்பு என்கிறார்கள். எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. சிரமத்தோடு, மழை வந்தால் பாதியில் திரும்பும் வசதியும் எனக்குக் கிடைக்கிறது. பாட்டிக்கு மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை.

கனவும் பிழைப்பும் ஒரே மலையில் ஏறுவதும் உண்டு. 1997 மே 23 அன்று எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் தமிழர்கள். நாம் பெருமைப்படுவது நியாயம். உடன் ஏறிய ஷெர்பாக்களுக்கோ அது வேலை. துணிச்சலைப் பற்றிப் பேசும்போது, பாதியில் திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்டுப் பார்க்கலாம். அப்போது பாட்டியின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும்.