ரத்தம் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு

பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவையும், அந்த முடிவுக்கு ஆதாரமான தரவையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது கடமையா, அல்லது நேரம் பார்த்து, அளவு பார்த்து அரசு வெளியிட்டால் போதுமா என்பது கொரோனா காலத்தில் இந்தியாவில் கூர்மையாக எழுந்த அறக்கேள்வி. கடமைதான் என்பதே இதற்கு விடை. இரண்டாம் தரப்புக்கும் சில நியாயங்கள் உண்டு. அவை சிறியவை, அவற்றுக்குரிய இடமும் சிறியது.

இந்தக் கேள்விக்குச் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு முகவரியே இருக்கிறது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கிளை. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-இல் உருவாக்கப்பட்டது. நாட்டின் முதல் கொரோனா எதிர்ப்பாற்றல் கணக்கெடுப்பை 2020 மே 11 முதல் ஜூன் 4 வரை நடத்தியதில் இந்த நிறுவனத்துக்கே முதன்மைப் பங்கு. 21 மாநிலங்கள், 70 மாவட்டங்கள், 28,000 பேர். மாவட்டத்துக்குப் பத்து ஊர்கள் அல்லது வார்டுகள், ஒவ்வொன்றிலும் 40 பேர், வீட்டுக்கு ஒரு பெரியவர். ஊரடங்கில் பக்கத்து வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்திப் பேசிய நாட்கள் அவை. அந்த நேரத்தில் முகம் தெரியாத உடைக்குள் வந்த ஒருவரிடம் கையை நீட்டி, மூன்று முதல் ஐந்து மில்லி ரத்தம் கொடுத்தார்கள் மக்கள். பதிலுக்கு அவர்களுக்குச் சேர வேண்டியது ஒன்றுதான்: என்ன கண்டுபிடித்தீர்கள் என்ற தகவல்.

அந்தத் தகவல் வந்த விதம்தான் மனத்தை உறுத்துவது. ஜூன் 11 அன்று டெல்லியில் செய்தியாளர்களிடம் ஓர் எண் சொல்லப்பட்டது: தொற்றுக்கு ஆளானவர்கள் 0.73 சதவீதம். முழுக் கட்டுரை ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் வெளிவந்தது செப்டம்பரில். மே மாதத் தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்றும், பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் பதிவாகாத தொற்றுகள் 80-க்கு மேல் இருந்தன என்றும் அது மதிப்பிட்டது. அதற்குள் நாடு பல லட்சம் நோயாளிகளைத் தாண்டிவிட்டிருந்தது. இன்னொன்று அதைவிட மோசம். முன்கூட்டியே அச்சான ஆய்வுத் திட்டத்தில், நோய் கடுமையாக இருந்த பெருநகரங்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் கணக்கெடுப்பில் சேர்ந்திருந்தன. சென்னையும் அவற்றில் ஒன்று. செப்டம்பர் கட்டுரையில் அந்தப் பகுதிகளின் எண்கள் இல்லை. அவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று கட்டுரையாசிரியர்களுக்கு மேலிருந்து சொல்லப்பட்டதாக அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வேலையைச் செய்தவர்கள் அவர்கள். எதைச் சொல்லலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம்தான் வேறு எங்கோ இருந்தது.

மருத்துவம் பற்றித் திருவள்ளுவர் எழுதிய அதிகாரம், நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் மூன்றாகப் பிரித்து எண்ணிப் பார்த்த பிறகே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்கிறது. நோயின் அளவை அறிவதற்காகவே நடத்திய கணக்கெடுப்பில் நோய் எங்கே அதிகமோ அந்த இடத்தின் அளவை மட்டும் மறைத்தால், வள்ளுவர் கேட்ட மூன்றில் இரண்டு போய்விட்டன: அளவும் போயிற்று, காலமும் போயிற்று. அவரே கல்வி அதிகாரத்தில், தமக்கு இன்பம் தரும் அறிவால் உலகமும் இன்புறுவதைக் கண்டு அதை மேலும் விரும்புபவர்களே கற்றவர்கள் என்று வரையறுக்கிறார். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லாதவர்களைச் சொல்வன்மை அதிகாரத்தில் மணமில்லாத பூங்கொத்து என்று ஒதுக்குகிறார். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கிற அரசனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்பது இறைமாட்சி. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுக்க எவரும் இல்லாமலே கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல். ஐந்து அதிகாரங்களும் ஒரே பக்கம் நிற்கின்றன. கணக்கெடுப்பின் எண் என்பதும் அரசை இடித்துரைக்கும் சொல்தான். பேசுவது மனிதன் இல்லை, புள்ளிவிவரம் என்பதே வித்தியாசம்.

இதை டெல்லியின் குறையாக மட்டும் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டின் தினசரி கொரோனா அறிக்கை மற்ற பல மாநிலங்களைவிட விரிவானது. மாவட்டம், வயது, மருத்துவமனை, பரிசோதனைக் கூடம் என்று பக்கம் பக்கமாக வரும். அப்படியிருந்தும் 2020 ஜூலை 22 அன்று, அதுவரை கணக்கில் வராத 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. சென்னை மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் சுகாதாரத் துறையின் பட்டியலுக்கும் இருந்த இடைவெளியை வெளியில் இருந்தவர்கள் சுட்டிக்காட்டிய பிறகே அந்தத் திருத்தம் நடந்தது. பதிவேடு பார்வைக்குக் கிடைத்ததால்தான் பிழை பிடிபட்டது.

மறு ஆண்டு இந்தத் தரவுப் பிரச்சினை இன்னும் பெரிதாக வெடித்தது. 2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் பிரதமருக்கு ஒரு கோரிக்கை எழுதினார்கள். ஐ.சி.எம்.ஆர். சேர்த்து வைத்திருக்கும் பரிசோதனைத் தரவு அரசுக்கு வெளியே யாருக்கும் எட்டுவதில்லை, நோய் எப்படிப் பரவும் என்று கணிக்கச் சொல்லி அரசே பணித்தவர்களுக்கும் கிடைப்பதில்லை என்பது அதன் சாரம். அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவன் உடனே பதில் சொன்னார், யாரை அணுகலாம் என்று வழியும் காட்டினார். பதில் மரியாதையானது. ஆனால் அறிவியலாளன் மனுப்போட்டுத் தரவு பெறும் நிலைமை வந்ததே வெட்கக்கேடு. பொதுப் பணத்தில் திரட்டிய தரவு பொதுவுக்குரியது என்ற தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012 முதலே இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தாங்கள் நிதி கொடுத்த ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் விதி வகுத்தன. அதற்கு வெகுகாலம் முன்பே இதற்காகக் குரல் கொடுத்தவர் சென்னையின் சுப்பையா அருணாசலம். விதிக்குப் பஞ்சமில்லை.

இந்த மண்ணில் இப்படி மூடிவைப்பதற்கு நேர்மாறான முன்மாதிரியும் உண்டு, அதுவும் பக்கத்திலேயே. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை உலகம் முழுக்க நம்பிப் போட்டுக்கொண்டிருந்த காலம். 1968-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஒரு மாபெரும் சோதனையைத் தொடங்கின. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போடப்பட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர்மம் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன்படவில்லை என்பதே முடிவு. நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்கே சங்கடமான விடை. அதைப் பூட்டி வைக்கக் காரணம் தேடியிருந்தால் நூறு கிடைத்திருக்கும்: மக்கள் குழம்புவார்கள், குழந்தைகளுக்கும் போட மறுப்பார்கள், அந்நிய நாட்டார் சிரிப்பார்கள். ஒன்றையும் தேடவில்லை. 1979-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அச்சேற்றினார்கள். மக்களைத் தொடர்ந்து கவனித்து, 15 ஆண்டு முடிவையும் 1999-இல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளுக்காக பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது, யாரும் பீதியில் ஓடிவிடவில்லை. காசநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சி உலகில் எங்கே நடந்தாலும் செங்கல்பட்டின் பெயர் வராமல் இருப்பதில்லை. ஒரு மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகுதியில்லாதவர்களுக்கு முடத்தெங்கை ஓர் உவமையாகச் சொல்கிறார். வேருக்குத் தண்ணீர் ஊற்றுபவர் ஒருவர், வளைந்து போய்க் காய் உதிர்ப்பது அடுத்தவர் தோட்டத்தில். இந்திய ஆய்வுத் துறை நெடுங்காலம் அந்த மரமாகத்தான் இருந்தது. வரிப்பணத்தில் நடந்த ஆய்வை வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு இலவசமாகக் கொடுத்து, அச்சானதைப் படிக்க அதே வரிப்பணத்தில் சந்தா கட்டுவது என்ன நியாயம்? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. நல்லதே. ஆனால் ஆவடி, பூந்தமல்லி பக்கம் பேருந்து பேருந்தாக மாணவர்கள் போய்ச் சேரும் தனியார் பொறியியல் கல்லூரிகள் தொடக்கத்தில் அதற்குள் வரவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சொந்தமாகப் பட்டறை வைத்து, உலோகத் தேய்மானம் பற்றிய கட்டுரை ஒன்று தேவைப்படும் பொறியாளரும் வெளியேதான். மரத்தை நிமிர்த்தவில்லை, வேலியைச் சற்று நகர்த்தியிருக்கிறார்கள்.

அறிவைத் திறந்துவிடுவதன் அறத்துக்குத் தமிழ்நாடு வேறெங்கும் போக வேண்டாம். திருக்கோட்டியூரில் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை, சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறி, எல்லோரும் கேட்கச் சொன்னவர் ராமாநுசர் என்பது வைணவ மரபு. அவர் மனத்தில் இருந்த ஐயங்களுக்கு விடையைக் காஞ்சி வரதரிடம் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர் திருக்கச்சி நம்பிகள். அவர் பிறந்த ஊர் பூந்தமல்லி, இன்றும் அங்கே அவருக்குச் சன்னதி உண்டு. கேட்டு வந்ததை நம்பிகளும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கட்டுப்பாட்டுப் பகுதி என்று எதையும் விடவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வது மூன்று. முதலாவது, சரிபார்க்காத ஆய்வு இணையத்தில் ஏறினால் வதந்தி பரவும். 2020 ஜனவரி 31 அன்று, கொரோனா வைரஸில் எச்.ஐ.வி.யை ஒத்த பகுதிகள் இருப்பதாக டெல்லியிலிருந்து ஒரு கட்டுரை பயோஆர்க்கைவ் தளத்தில் ஏறியது. அது கேடு செய்தது உண்மைதான். ஆனால் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்சேபங்கள் குவிந்து, பிப்ரவரி 2-ஆம் தேதியே அது திரும்பப் பெறப்பட்டது. மூடிய தரவின் கதை வேறு. அதே ஆண்டு மே 22 அன்று புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழ், 671 மருத்துவமனைகளின் 96,000 நோயாளிகளை வைத்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆபத்து என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. தரவைக் காட்டு என்று கேட்டபோது அதைத் திரட்டியதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் நிறுவனம் காட்டவில்லை, ஜூன் 4-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சிலம்பைச் சபையில் உடைத்துப் பார்க்காமல் பொற்கொல்லன் வாயை நம்பிய பாண்டியன் செய்த பிழைதான் இது. யார் சொன்னாலும் மெய்ப்பொருளைக் காண் என்ற அறிவுடைமைக் குறள், காண்பதற்குப் பொருளை எதிரே வைக்கும் கடமையையும் சேர்த்தே சொல்கிறது.

இரண்டாவது, நோயாளியின் அந்தரங்கம். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவடியின் பழைய தொழுநோய்ப் பதிவேட்டில் ஒரு பெயர் வெளியானால் அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பேச்சே நின்றுபோகும். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு மீதியைத் தருவது புள்ளியியலாளர்களுக்குக் கைவந்த வேலை. மூன்றாவது, தேசப் பாதுகாப்பு. ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனத்தில் அர்ஜுன் டாங்கியின் கவசம் எதனால் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. வாய்மை அதிகாரமே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் இடமுண்டு என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் காய்ச்சல் எத்தனை பேருக்கு என்பது டாங்கிக் கவசம் இல்லை, அந்த வாசல் வழியே அது நுழையாது.

அப்போது அயப்பாக்கத்து நிறுவனத்தில் இருந்த பிரப்தீப் கவுர் போன்றவர்கள், முகக்கவசம் ஏன், காற்றோட்டம் ஏன் என்று ட்விட்டரில் பொறுமையாக எழுதியதை மக்கள் படித்தார்கள், புரிந்துகொண்டார்கள். தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சிலரும் நாடெங்கும் உள்ள மற்ற அறிவியலாளர்களோடு கூடி இந்திய மொழிகளில் விளக்கம் எழுதினார்கள். அது அவரவர் நல்ல மனசால் நடந்தது. நிறுவனத்தின் விதியாக அது நடக்க வேண்டும்: கணக்கெடுப்பு முடிந்த சில வாரங்களுக்குள் பெயர் நீக்கிய தரவு இணையத்தில், விடுபட்ட பகுதி இருந்தால் ஏன் விடுபட்டது என்ற குறிப்போடு. ரத்தம் எடுத்த ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் தமிழில் ஒரு பக்கம்: எத்தனை பேரிடம் எடுத்தோம், எத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது, அடுத்து என்ன செய்யப் போகிறோம்.