எரிந்த மரம் வீட்டுக்கு ஆகுமா?

தீயில் தப்பியதை மீண்டும் வாழ்வுக்கு எடுக்கலாமா என்ற கேள்வி கொழும்புத் தமிழருக்குப் புதியதன்று. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கரிந்த நிலையும் வளையும் இனி உதவுமா, அவை அமங்கலமா என்ற தயக்கம் வீடிழந்தவருக்கு எழுவது இயல்பே. போரில் கருகிய பனைகளைப் பார்த்து நின்ற வடபுலத்தாருக்கும் இதே கேள்விதான்.

6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சங்கிதை, வீடு கட்ட ஆகாத மரங்களைக் கூறுகின்றது. பறவைகள் குடியிருக்கும் மரம், முறிந்தது, காய்ந்தது, எரிந்தது, கோயிலிலும் சுடலையிலும் நிற்பது, பால்மரம் ஆகியவற்றை விலக்கச் சொல்கின்றது. வேம்பும் அந்த வரிசையில் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேப்பமரக் கதவுகள் தலைமுறைகளாக நிற்கின்றன.

ஆகவே விதியின் நோக்கத்தையே பார்க்க வேண்டும். பறவை வாழும் மரத்தை விலக்கியது இரக்கம். எரிந்ததையும் முறிந்ததையும் விலக்கியது, கூரையின் கீழ் உறங்குவோர் உயிர்மீது கொண்ட அக்கறை எனலாம். நல்ல மரத்தைத் தேடி எடுக்க வசதியுள்ளவருக்கு அது பொருந்தும். கூரையே இல்லாதவருக்கு? மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஆபத்துக் காலத்துத் தருமத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கின்றது.

ஆனால் ஆபத்தைச் சொல்லி எதையும் செய்யலாம் என்பதில்லை. முதலில், மரம் உண்மையில் பட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2023 ஓகஸ்டில் ஹவாயின் லகைனா நகர் எரிந்தபோது, 1873இல் நட்ட ஆலமரமும் கருகியது. செப்டெம்பரிலேயே அது துளிர்த்தது. பனையும் குருத்துப் பிழைத்தால் மீண்டும் ஓலை விடும். உயிருள்ளதை எரிந்ததென்று சொல்லித் தறிப்பது பாவம்.

அடுத்தது, மரத்தின் உறுதி. தீ மரத்தை வெளியிலிருந்தே தின்னும். தேக்கு, முதிரை போன்றவற்றில் கரியைச் செதுக்கினால் உள்ளே வைரம் நலமாக இருக்கக்கூடும். பனைக்கோ வைரம் வெளிப்புறத்தில், உள்ளே சோறு. ஆகவே புறம் ஆழமாக எரிந்த பனை வளைக்கு உதவாது. பட்ட மரத்தில் வண்டும் பூஞ்சணமும் விரைவில் ஏறுமாதலால் காலம் தாழ்த்தவும் கூடாது. இவற்றைத் தச்சரே ஆராய்ந்து சொல்ல வேண்டும். தம் வீட்டுக்கு வேண்டாமென ஒதுக்கிய மரத்தை ஏழையின் கூரைக்கு அனுப்பிவிட்டு அதைத் தானம் என்று சொல்லுதல் தகாது. கொடுப்பவர் தம் பிள்ளையை அந்தக் கூரையின் கீழ் உறங்க வைப்பாரா? அதுவே தானத்தின் உரைகல்.

எடுத்த இடத்தில் நடுவதும் கடமை. 1933இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தில்லமூக் காட்டில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. அங்குள்ளோர் எரிந்த மரங்களை அறுத்துப் பயன்கொண்டனர். 1949 முதல் மீள நட்டனர். பள்ளிப் பிள்ளைகளும் கன்று நட்டார்கள்.

தீப்பட்டதனால் மரம் தீண்டத்தகாததாகிவிடாது. ஆராயாமல் கொடுப்பதையும் நடாமல் எடுப்பதையுமே அடியார்கள் விலக்க வேண்டும். இழந்தவர் மனைகள் மீண்டும் எழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.