சிரத்தையும் அஞ்சலியும்

தமிழ் இல்லங்களில் தாத்தாவோ பாட்டியோ மறைந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்தி நிற்பது வழக்கம். அவர்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. கையிலிருக்கும் சுடரே அவர்களுடைய அஞ்சலி. இன்றோ மும்பை, டெல்லி போன்ற நகரங்களில் நடைபெறும் பிரார்த்தனைக் கூட்டங்களில், 'பேரன் இரண்டு வார்த்தை பேசட்டும்' என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பேரனும் முதல்நாள் இரவு காகிதமும் பேனாவுமாக அமர்கிறான். எப்படி எழுதுவது என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவன்முன் நிற்கிறது. மறைந்தவரைப் பற்றி எதைச் சொல்வது? எதைச் சொல்லாமல் விடுவது? இது தர்மத்தைச் சார்ந்த கேள்வி.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டி பேரனிடம் உயிரையே வைத்திருந்தார். அவன் பள்ளியிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே காத்திருப்பார். அதே பாட்டி தம் மருமகளிடம் பல ஆண்டுகள் கடுமையாக நடந்துகொண்டார். அந்த மருமகள்தான் பேரனின் தாய். நாளை அவரும் கூட்டத்தில் அமர்ந்திருப்பார். 'எங்கள் பாட்டி யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை' என்று அவன் பேசினால் சபையினர் தலையசைப்பார்கள். ஆனால் தாம் பட்டதெல்லாம் பொய் என்று தம் மகனே சபை நடுவில் சொல்லிவிட்டதாகத் தாயின் உள்ளம் நோகும். நடந்தது அனைத்தையும் அவன் சொல்லிவிட்டாலோ, மறுமொழி கூற இயலாத ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தியதாகும்.

கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் வாக்கினால் செய்யும் தவத்தை விளக்குகிறார். பிறர் மனத்தைக் கலக்காமை, உண்மை, இனிமை, நன்மை ஆகியவை கொண்ட பேச்சே தவம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது வாக்குத் தவம் ஆகாது என்பது ஆதிசங்கரரின் விளக்கம். மிகைப்புகழ்ச்சியில் இனிமை உண்டு, உண்மை இல்லை. குற்றப் பட்டியலில் உண்மை இருக்கலாம், நன்மை இல்லை. இரண்டுமே தவம் ஆகா.

அப்படியானால் வழி என்ன? தான் பெற்றதை மட்டும் பேரன் சாட்சியாக நின்று சொல்லலாம். 'பாட்டி எல்லோரிடமும் அன்பாக இருந்தார்' என்பதற்கும், 'பாட்டி என்னிடம் அன்பாக இருந்தார்' என்பதற்கும் இடையே ஒரு சொல்தான் வேறுபாடு. முதலாவது, பிறருக்காகவும் அவன் கூறும் சாட்சி. அதற்கு அவனுக்கு உரிமை இல்லை. இரண்டாவதை எவராலும் மறுக்க இயலாது.

'மற்றதைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பொய் அல்லவா?' என்று கேட்கலாம். குறையை மறந்தே போவதற்காக மௌனம் காத்தால் அது பொய்தான். குறையைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு மௌனம் காப்பது வேறு. இதைக் கடோபநிஷதத்து நசிகேதனிடம் காண்கிறோம். பால் வற்றி, வலிமை இழந்த பசுக்களைத் தந்தை வேள்வியில் தானமாகக் கொடுப்பதை அந்தச் சிறுவன் கண்டான். அப்போது அவனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். அவன் தந்தையைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. 'என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று கேட்டான். தந்தையின் தானத்தில் இருந்த குறையைத் தன்னையே தந்து நிறைவு செய்ய முன்வந்தான். யமனிடம் அவன் கேட்ட முதல் வரமும் தந்தையின் மன அமைதிதான்.

சிரத்தையுடன் செய்யப்படுவதே சிராத்தம். 'சிரத்' என்னும் சொல்லை உண்மையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக வேதச் சொற்றொகுதியான நிகண்டு கூறுகிறது. எனவே முன்னோருக்குச் செய்யும் கடனின் பெயரிலேயே வாய்மை உறைந்திருக்கிறது. தந்தை செய்யாமல் விட்டதிலிருந்து அவரை விடுவிப்பவன் என்பதாலேயே மகன் 'புத்திரன்' எனப்படுகிறான் என்று பிருஹதாரண்யக உபநிஷதம் விளக்குகிறது. பேரனுக்கும் இது பொருந்தும். முன்னோர் விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் நாம் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அவர்கள் கொடுக்கத் தவறிய அன்பும் ஒரு கடன் அல்லவா? குறையே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கடனை யார் தீர்ப்பது?

ஆகவே அந்தப் பேரன், தான் எழுதியதைக் கூட்டத்திற்கு முன் தன் தாயிடம் படித்துக் காட்டட்டும். தாய் ஏதேனும் சொல்ல விரும்பினால், பாட்டிக்காக வாதாடாமல் பொறுமையாகக் கேட்கட்டும். பாட்டி வாசலில் காத்திருந்ததை மறுநாள் சபையில் மனமாரச் சொல்லட்டும். பதின்மூன்று நாட்களும் கழிந்து, உறவினர் கலைந்து சென்றபின், பாட்டியிடமிருந்து தான் பெற்ற அந்த அன்பை, அது கிடைக்காமல் போன தாய்க்கு நாள்தோறும் வழங்கத் தொடங்கட்டும். பாட்டிக்கு அதுவே நிறைவான அஞ்சலி. அதற்கான சிரத்தையை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!